ஏட்டிலிருந்து இசைத்தட்டு வரை: ‘உலகங்களின் போர்’ நடந்து வந்த பாதை

ஒரு நூலின் ஆயுளை அஃது அச்சேறிய படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. அந்நூல் எத்தனை வடிவங்களில் மறுபிறவி எடுத்தது, ஒவ்வொரு பிறவியிலும் எதனைப் பெற்றது, எதனை இழந்தது என்று ஆராய்வதே பொருத்தமான அளவுகோலாகும். இவ்வளவுகோலுக்கு நன்கு இடங்கொடுக்கும் மேலைநாட்டு நூல்களுள் ஒன்று எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘உலகங்களின் போர்’ என்னும் புதினம். செவ்வாய்க் கோளத்தினர் படையெடுத்து வந்து இங்கிலாந்தைச் சூறையாடும் கதை இது. இதழில் தொடர்கதையாகப் பிறந்து, வானொலியில் செய்தியாக வேடமிட்டு, வெண்திரையில் வண்ணமாக விரிந்து, இசைத்தட்டில் பாடலாக ஒலித்து, நூறாண்டுகளுக்கும் மேலாக இக்கதை வாழ்ந்து வருகிறது.

இவ்வடிவங்களின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பது இக்கட்டுரையின் முதல் நோக்கம். ஆனால், அதனினும் முக்கியமான நோக்கம் ஒன்றுண்டு. வெல்ஸ் தம் நூலின் முதல் அத்தியாயத்திலேயே தம் நாட்டவரை நோக்கி ஒரு கேள்வி எழுப்பினார். அந்தக் கேள்வி இந்த நெடும்பயணத்தில் என்னவாயிற்று என்பதைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

நூல் பிறந்த சூழல்

1866-ஆம் ஆண்டில் எளிய கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் வெல்ஸ். உதவித்தொகை பெற்று இலண்டனில் அறிவியல் பயின்றபோது, டார்வினின் கொள்கைக்குப் போர்வாளாக விளங்கிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். உயிரினங்கள் ஒன்றையொன்று வென்று வாழ்கின்றன, எந்த இனமும் நிலையான அரியணையில் அமர்ந்துவிடவில்லை என்ற எண்ணம் அக்கல்வியின் பயனாக அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அக்காலத்தில் செவ்வாய்க் கோளத்தைப் பற்றிய பேச்சு எங்கும் பரவியிருந்தது. இத்தாலிய வானியலாளர் ஸ்கியாப்பரெல்லி 1877-இல் செவ்வாயின் மேற்பரப்பில் கோடுகளைக் கண்டதாக அறிவித்தார். அமெரிக்கரான பெர்சிவல் லோவல் 1895-இல் வெளியிட்ட நூலில், அவை அறிவுடைய உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்றே வாதிட்டார். அவை வெறும் கண்மயக்கு என்பது பின்னாளில் தெளிவாயிற்று. எனினும், ஒரு கதாசிரியருக்கு அம்மயக்கமே போதுமானதாக இருந்தது. மற்றொருபுறம், அயல்நாட்டுப் படை இங்கிலாந்தில் இறங்குவதாகக் கற்பனை செய்யும் கதைகளும் அந்நாளில் பெருகியிருந்தன. ஜெர்மானியர் படையெடுப்பை வருணித்து ஜார்ஜ் செஸ்னி 1871-இல் எழுதிய ‘டார்க்கிங் போர்’ அவற்றுக்கெல்லாம் முன்னோடி.

இவ்விரண்டு ஓடைகளையும் ஒன்றாக இணைத்த பொறி வெல்ஸின் அண்ணன் பிராங்க்கின் பேச்சிலிருந்து தெறித்தது. ஆங்கிலேயர் குடியேறியதால் டாஸ்மேனியத் தீவின் பழங்குடியினர் அடைந்த பேரழிவைப் பற்றிச் சகோதரர் இருவரும் உரையாடினர். அதுபோலவே வானிலிருந்து சிலர் இறங்கி இங்கிலாந்தின் இந்த அமைதியான ஊர்ப்புறத்தை அழிக்கத் தொடங்கினால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அப்போது எழுந்தது. நூலைத் தம் அண்ணனுக்கே காணிக்கையாக்கினார் வெல்ஸ்.

அவர் அப்போது சர்ரே மாவட்டத்து வோக்கிங் நகரில் குடியிருந்தார். மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, சுற்றுவட்டாரமெங்கும் சென்று, எந்தெந்த இடம் எவ்வாறு அழியவேண்டும் என்று குறித்துக்கொண்டார். அதனாலன்றோ கதையில் வரும் ஊர்களும் சாலைகளும் இரயில் நிலையங்களும் உண்மையானவையாக இருக்கின்றன! 1897 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ‘பியர்சன்ஸ்’ இதழில் தொடராக வந்து, 1898-இல் நூல் வடிவம் பெற்றது இப்புதினம்.

1897 என்ற ஆண்டு ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது. விக்டோரியா பேரரசியார் அரியணையேறிய அறுபதாம் ஆண்டு வைர விழாவைப் பேரரசு கோலாகலமாகக் கொண்டாடிய ஆண்டு அது. அதற்கு முந்திய 1896-இல்தான் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஆங்கிலேயரின் மேலாண்மையில் ஒன்றிணைந்த மலாய் மாநிலங்களாக இயங்கத் தொடங்கின. பேரரசின் கொடி இங்கே மேலும் உயர ஏறிக்கொண்டிருந்த அதே பொழுதில், அப்பேரரசின் தலைநகரம் சாம்பலாவதை ஓர் ஆங்கில எழுத்தாளர் எழுதிக்கொண்டிருந்தார்!

கதையும் கேள்வியும்

ஹார்செல் பொதுவெளியில் விண்ணிலிருந்து ஓர் உருளை வீழ்கிறது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிறது. வெள்ளைக்கொடி ஏந்திச் சென்ற தூதுக்குழு வெப்பக் கதிரால் எரிந்து சாம்பலாகிறது. பின்னர், மூன்று கால்களில் நடக்கும் பேரியந்திரங்கள் எழுகின்றன. பீரங்கிப் படைகள் கரும்புகையில் மூச்சடைத்து மடிகின்றன. இலண்டன் மாநகரமே வெறிச்சோடுகிறது. அகதிகளைச் சுமந்த கப்பலைக் காக்க ‘தண்டர் சைல்ட்’ என்னும் போர்க்கப்பல் தன்னையே பலியிடுகிறது. மனிதரின் குருதியைத் தமக்கு ஏற்றிக்கொள்ளும் அப்பகைவர், இறுதியில் மனிதரின் படைக்கலத்தால் வீழவில்லை. இம்மண்ணின் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களால் நோயுற்று மடிகின்றனர்.

கதையைத் தொடங்குமுன்பே வெல்ஸ் தம் வாசகரைத் தடுத்து நிறுத்துகிறார். செவ்வாய்க் கோளத்தினரைக் கொடியவர் என்று தீர்ப்பளிக்குமுன், நம் இனம் விலங்கினங்களுக்கும் டாஸ்மேனிய மக்களுக்கும் இழைத்ததை எண்ணிப் பாருங்கள் என்கிறார். நாம் செய்ததையே அவர்கள் நமக்குச் செய்தால் முறையிட நமக்கு என்ன தகுதியுண்டு என்பதே அவர் எழுப்பிய கேள்வி. இஃது இப்புதினத்தின் உயிர்நாடி.

இவ்விடத்தில் ஓர் உண்மையையும் கூறுதல் வேண்டும். டாஸ்மேனியப் பழங்குடியினர் முற்றாக அழிந்துவிட்டனர் என்று அக்காலத்தார் நம்பியதையே வெல்ஸும் எழுதினார். அஃது உண்மையன்று. பேரழிவினின்று தப்பியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். 1995-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழிச் சில நிலப்பகுதிகள் அவர்களிடமே திருப்பி அளிக்கப்பட்டன. கேள்வி கேட்டவரின் கண்ணிலும் அவர் காலத்தின் தூசு படிந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

வானொலியில் எழுந்த புயல்

நூல் வெளிவருமுன்பே அதன் உருமாற்றம் தொடங்கிவிட்டது. 1897-98-இல் நியூயார்க் நாளேடு ஒன்று, கதைக்களத்தை நியூயார்க்காக மாற்றித் தொடராக வெளியிட்டது. பாஸ்டன் நாளேடு ஒன்றோ செவ்வாய்க் கோளத்தினரைப் பாஸ்டன் நகரிலேயே இறக்கிவிட்டது! வெல்ஸ் கண்டனம் தெரிவித்தார். ஆயினும், கேட்போரின் ஊரையே போர்க்களமாக்கும் அந்த வழக்கம் அன்றே நிலைபெற்றுவிட்டது.

அவ்வழக்கத்தின் உச்சத்தை 1938 அக்டோபர் 30-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை இரவு அமெரிக்கா கண்டது. ‘மெர்க்குரி’ நாடகக் குழுவின் தலைவர் ஆர்சன் வெல்ஸ் அப்போது இருபத்து மூன்று வயது இளைஞர். தமிழில் இருவர் பெயரும் ஒன்றே. ஆங்கிலத்தில் நாடகக்காரரின் பெயரில் ஓர் எழுத்துக் கூடுதல். ஹோவர்ட் கோச் எழுதிய அந்நாடகம் ஒரு புதிய உத்தியைக் கையாண்டது. நடன இசை ஒலித்துக்கொண்டிருக்கும், திடீரென இசை நின்று, அவசரச் செய்தி குறுக்கிடும், மீண்டும் இசை, மீண்டும் செய்தி. நியூஜெர்சி மாநிலத்துக் குரோவர்ஸ் மில் என்னும் சிற்றூரில் உருளை வீழ்ந்ததாகச் செய்தியாளர் கூறுவார். அப்பாத்திரத்தை ஏற்ற பிராங்க் ரீடிக், 1937-இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது கதறியவாறே வருணித்த அறிவிப்பாளரின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயின்றவர்.

அதற்கு முந்திய மாதத்தில்தான் மியூனிக் நெருக்கடி ஐரோப்பாவை உலுக்கியிருந்தது. வானொலியில் குறுக்கிடும் அவசரச் செய்திக்கு அமெரிக்க மக்களின் காது பழகியிருந்தது. ஆகவே, நாடகத்தை உண்மையென்று நம்பிச் சிலர் அஞ்சினர். காவல் நிலையங்களுக்கும் நாளேடுகளுக்கும் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. ஜெர்மானியரே தாக்குகின்றனர் என்று எண்ணியவர்களும் இருந்தனர் என்பதை ஹேட்லி காண்ட்ரில் என்னும் உளவியலாளர் 1940-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.

ஆனால், நாடே நிலைகுலைந்து தெருவில் ஓடியது என்ற கதை பெரிதும் மிகையானது என்றே பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்விரவில் பெரும்பாலான நேயர்கள் வேறொரு நிலையத்தின் நகைச்சுவை நிகழ்ச்சியையே கேட்டுக்கொண்டிருந்தனர். அன்று எடுக்கப்பட்ட தொலைபேசிக் கணிப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவரே ஆர்சன் வெல்ஸின் நிகழ்ச்சியைக் கேட்டதாகக் கூறினர். விளம்பர வருவாயை வானொலியிடம் இழந்துவந்த நாளேடுகள், பகையாளியைத் தாழ்த்தக் கிடைத்த வாய்ப்பை நழுவவிடவில்லை. பீதியைப் பற்றிய செய்தியே பீதியைவிடப் பெரிதாக வளர்ந்தது!

எனினும், இவ்விளையாட்டு எங்கும் விளையாட்டாகவே முடிந்ததில்லை. 1949 பிப்ரவரியில் ஈக்குவடோரின் தலைநகரான கீட்டோவில், முன்னறிவிப்பின்றி இதே உத்தியில் நாடகம் ஒலிபரப்பாயிற்று. உண்மையென நம்பித் தெருவுக்கு ஓடிவந்த மக்கள், தாம் ஏமாற்றப்பட்டதை அறிந்ததும் சினங்கொண்டு வானொலி நிலையம் இயங்கிய கட்டடத்தைத் தீக்கிரையாக்கினர். உயிர்ச்சேதமும் நேர்ந்தது. கலைஞன் மக்களின் நம்பிக்கையைத் தொடும்போது எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய பாடம் வேண்டுமா?

நூலாசிரியரும் நாடகக்காரரும் 1940 அக்டோபரில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் ஆன்டோனியோ நகரில் நேரில் சந்தித்து, வானொலியில் நட்போடு உரையாடினர். இலண்டன் மீது உண்மையாகவே குண்டுமழை பொழிந்துகொண்டிருந்த காலம் அது.

வெண்திரையில் 1953

திரைப்பட உரிமையைப் பாரமவுண்ட் நிறுவனம் 1920-களிலேயே பெற்றிருந்தும், படம் வெளிவர 1953 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தயாரிப்பாளர் ஜார்ஜ் பால், இயக்குநர் பைரன் ஹாஸ்கின். கதைக்களம் விக்டோரியா கால இங்கிலாந்திலிருந்து அணுக்காலக் கலிபோர்னியாவுக்கு மாறியது. பெயரில்லாத எழுத்தாளரின் இடத்தில் ஓர் அணு விஞ்ஞானி கதைத்தலைவராக வந்தார். ஜீன் பாரியும் ஆன் ராபின்சனும் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றனர்.

முக்கால் இயந்திரங்களை நடமாடவிடுவது அன்றைய நுட்பத்திற்கு அரிதாக இருந்தது. ஆதலின், திருக்கை மீன் போன்ற உடலும் நாகப்பாம்பின் படம் போன்ற கழுத்தும் கொண்டு மிதந்து வரும் செப்புநிற இயந்திரங்களைக் கலை இயக்குநர் ஆல்பர்ட் நோசாக்கி வடிவமைத்தார். மெல்லிய கம்பிகளில் தொங்கிய அம்மாதிரிகளும், மின்கித்தார் ஒலியைப் பின்னோக்கி ஓடவிட்டு உருவாக்கிய வெப்பக்கதிரின் இரைச்சலும் பார்ப்போரை நடுங்க வைத்தன. சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கார் விருது இப்படத்திற்குக் கிடைத்தது. அக்காட்சிகளை வழிநடத்திய கோர்டன் ஜென்னிங்ஸ், படம் வெளிவருமுன்னரே காலமாகிவிட்டார்.

இருவரின் வாழ்க்கையை இங்குக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. ஜார்ஜ் பால் ஹங்கேரியில் பிறந்தவர். ஜெர்மனியில் நாசிகளின் கை ஓங்கியதும் அந்நாட்டை விட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்காவை அடைந்தவர். தோக்கியோவில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா சென்ற நோசாக்கியோ, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வமிசத்தவர் என்ற ஒரே காரணத்தால் வேலையிழந்து மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டவர். ‘எதிரி’ என்ற சொல் ஒருவர் வாழ்வில் என்ன செய்யும் என்பதை அறிந்தவரின் கையே அந்தப் பகைவரின் ஊர்திகளை வரைந்தது.

படத்தில் வெல்ஸின் கேள்வி இடம்பெறவில்லை. அதன் இடத்தில் அணுகுண்டு வந்தது. அக்குண்டும் பகைவரை அசைக்கவில்லை என்று காட்டியது, பனிப்போர்க் காலத்து அச்சத்தின் நேர்மையான வெளிப்பாடுதான். ஆனால், சமயத்தைப் பற்றிய பார்வை தலைகீழாயிற்று. மூலநூலில் வரும் பாதிரியார் அச்சத்தால் மதிமயங்கிப் புலம்புபவர். திரையில் வரும் பாதிரியாரோ வேதநூலை ஏந்திப் பகைவரிடம் சமாதானம் பேசச் சென்று உயிர்துறப்பவர். முடிவும் தேவாலயத்திலேயே நிகழ்கிறது. நுண்ணுயிர்களின் வெற்றி, மன்றாட்டுக்குக் கிடைத்த விடையாகத் தோன்றுமாறு அமைந்துவிட்டது. ஹக்ஸ்லியின் மாணவர் இதைக் கண்டிருப்பின் என்ன சொல்லியிருப்பார்? அவர் 1946-இலேயே மறைந்துவிட்டார்.

இசைத்தட்டில் ஒரு காவியம்

1978 சூன் மாதத்தில் வெளிவந்த இரட்டை இசைத்தட்டு, இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. அதனைப் படைத்தவர் ஜெப் வெயின். விளம்பரப் பாடல்களுக்கு இசையமைத்தும், பாடகர் டேவிட் எஸ்ஸெக்ஸின் இசைத்தட்டுகளைத் தயாரித்தும் பெயர் பெற்றிருந்தவர். வெல்ஸின் நூலை அவர் கையில் கொடுத்தவர் அவர் தந்தையும் பாடகருமான ஜெரி வெயின். உரைநடைப் பகுதிகளைத் தொகுத்து வசனமாக்கியவர் சிற்றன்னை டோரீன் வெயின். பாடல்களுள் பெரும்பாலானவற்றை எழுதியவர் கேரி ஆஸ்பார்ன். குடும்பத் தொழில்போல் தொடங்கிய இம்முயற்சியில் ஜெப் வெயின் தம் சொந்தப் பணத்தையும் முடக்கினார்.

கதைசொல்லியாக ரிச்சர்ட் பர்ட்டனைத் தேர்ந்ததே பாதி வெற்றி எனலாம். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகனான பர்ட்டனின் குரலில் ஆழமும் துயரமும் இயல்பாகவே குடிகொண்டிருந்தன. திரைப்படம் கைவிட்ட விக்டோரியா கால இங்கிலாந்து அக்குரலில் மீண்டும் உயிர்பெற்றது. நரம்பிசைக் கருவிகளின் பெருக்கும் மின்னணுக் கருவிகளின் அதிர்வும் எதிரெதிரே நின்று மோதும் தொடக்க இசையைக் கேட்போர், போர் மூண்டுவிட்டதைச் சொல்லின்றியே உணர்வர். மூலநூலில் மாண்டுபோன இலண்டனில் ஒலிக்கும் செவ்வாயினரின் ஓலத்தை வெல்ஸ் ‘உல்லா’ என்று எழுதினார். அச்சில் கிடந்த அந்த இரண்டு அசைகளை, கித்தார் ஒலியைக் குரல்போல் வளைக்கும் கருவியினால் கேட்கச் செய்தார் வெயின். கேட்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை.

ஜஸ்டின் ஹேவர்ட் பாடிய ‘பாரெவர் ஆட்டம்’ என்னும் பாடலின் வரலாறு வியப்பானது. அதன் மெட்டு முதலில் லெகோ விளையாட்டுப் பொருளின் விளம்பரத்திற்காக வெயின் அமைத்தது! காதலியின் வீட்டைத் தேடி வந்து, அது வெறுமையாய்க் கிடப்பதைக் காணும் கணத்தில் அப்பாடலை வைத்தபோது, விளம்பர மெட்டு பிரிவாற்றாமையின் குரலாயிற்று. அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை ஏறியது. நல்ல மெட்டுக்குக் குலமில்லை. அமரும் இடமே அதற்குப் பெருமை தருகிறது.

வெயின் செய்த மாற்றங்களும் கருதத்தக்கவை. மூலநூலில் கதைசொல்லியின் சகோதரர் காணும் கப்பற்போரை இங்குக் கதைசொல்லியே கரையில் நின்று காண்கிறார். கப்பலில் செல்பவள் அவர் காதலி. நூலில் இல்லாத பெத் என்னும் பாத்திரம், மதிமயங்கிய பாதிரியாரின் மனைவியாகப் படைக்கப்பட்டாள். பிலிப் லினோட் பாதிரியாராகவும் ஜூலி கவிங்டன் பெத்தாகவும் பாடும் பாடலில், மனிதகுலத்தில் நம்பிக்கை வைக்கலாமா கூடாதா என்ற வழக்கே நடைபெறுகிறது. டேவிட் எஸ்ஸெக்ஸ் ஏற்ற பீரங்கி வீரனோ, நிலத்தடியில் புத்துலகம் அமைப்பதாக வாய்ச்சவடால் பேசுகிறான். வெல்ஸ் எள்ளி நகையாடிய அந்த வெற்றுக்கனவின் சுவை இசையிலும் கெடவில்லை.

இத்தொகுப்பு பிரிட்டனில் மட்டும் 25 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஸ்பானிய மொழிப் பதிப்பில் ஆன்டனி குவினும், ஜெர்மன் பதிப்பில் கூர்ட் யூர்கன்ஸும் கதை சொன்னார்கள். 1984-இல் பர்ட்டன் மறைந்த பின்னரும் அவர் குரல் ஓயவில்லை. 2006-இல் இப்படைப்பு மேடையேறியபோது, அவரது முகம் ஒளியுருவமாகத் தோன்றிக் கதை சொன்னது. 2012-இல் வெளிவந்த புதிய பதிப்பில் லியாம் நீசன் அப்பொறுப்பை ஏற்றார்.

புதிய நூற்றாண்டில்

2005-இல் ஸ்டீவன் ஸ்பில்பர்க் இக்கதையை மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார். முக்கால் இயந்திரங்களும், நிலமெங்கும் படரும் செந்நிறக் கொடியும், மனிதக் குருதியை உறிஞ்சும் கொடுமையும் அவற்றுக்குரிய அச்சத்தோடு திரும்பின. டாம் குரூஸ் ஏற்ற பாத்திரம் விஞ்ஞானியன்று. துறைமுகத் தொழிலாளி, கடமை தவறிய தந்தை. சாம்பல் படிந்த முகமும், காணாமற்போனோரின் படங்கள் ஒட்டிய சுவர்களும் 2001 செப்டம்பரில் நியூயார்க் கண்ட காட்சிகளை நினைவூட்டின. முந்தைய படத்தின் நாயகனும் நாயகியும் முதியோராக இறுதிக்காட்சியில் தோன்றினர்.

இப்படத்தில் சிறு பொறி ஒன்றுண்டு. நாயகனின் மகன் எழுதவேண்டிய பள்ளிக் கட்டுரை, அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரரின் ஆதிக்கத்தைப் பற்றியது. பிற்பகுதியில் ஒரு பாத்திரம், ஆக்கிரமிப்பு எதுவும் நிலைக்காது என்ற கருத்தைச் சொல்கிறது. வெல்ஸின் கேள்வி வாயிற்படியில் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சென்றதுபோல் இருக்கிறது அது.

ஆசிரியர் மறைந்து எழுபது ஆண்டுகள் நிறைந்து, 2016-ஆம் ஆண்டின் முடிவில் பிரிட்டனில் நூலின் காப்புரிமை காலாவதியாயிற்று. 2019-இல் பிபிசி தயாரித்த மூன்று பகுதித் தொடர், பேரரசின் பெருமித நாள்களில் இங்கிலாந்திலேயே கதையை நடத்தி, பேரரசைப் பற்றிய கேள்வியையும் நேராகவே தொட்டது. 2025-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் படமோ, போர் முழுவதையும் கணினித் திரைகளின் வழியே காட்ட முயன்று திறனாய்வாளரின் கடுங்கண்டனத்துக்கு ஆளாயிற்று.

கேள்வி என்னவாயிற்று?

நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்போம். வானொலி உலகப்போரின் அச்சத்தைச் சேர்த்தது. 1953-இன் படம் அணுகுண்டின் அச்சத்தைச் சேர்த்தது. ஸ்பில்பர்க் பயங்கரவாதத்தின் அச்சத்தைச் சேர்த்தார். இசைத்தட்டு பிரிவின் துயரத்தைப் பாடியது. ஒவ்வொரு தலைமுறையும் தன் அச்சத்தை ஊற்றிவைக்கும் கலமாக இக்கதையைப் பயன்படுத்திக்கொண்டது. அதில் தவறில்லை. உருமாறாத கதை அருங்காட்சியகத்தில்தான் இருக்கும்.

ஆனால், வெல்ஸ் எழுதியது, ‘பிறர் நமக்கு என்ன செய்துவிடுவரோ’ என்னும் அச்சத்தை மட்டுமன்று. ‘நாம் பிறருக்கு என்ன செய்தோம்’ என்னும் நாணத்தையும் சேர்த்தே எழுதினார். அச்சம் எளிதில் விலைபோகும். ஆகவே அது படத்துக்குப் படம் வளர்ந்தது. நாணம் விலைபோகாது, ஆகவே அது பெரும்பாலும் விடப்பட்டது. படையெடுப்புக்கு ஆளாகும் நாடு எதுவாயினும், அது குற்றமற்றதாகவே காட்டப்பட்டது. கதையின் உடல் காப்பாற்றப்பட்டது. மனச்சான்று வழியில் தவறிப்போயிற்று.

ஆளப்பட்ட மண்ணில் வாழ்ந்தோரின் வழிவந்த நமக்கு, அந்த முதல் அத்தியாயத்தைத் தாண்டிச் செல்வது அத்துணை எளிதன்று. வெல்லப்பட்டவரின் இடத்தில் நின்று பார்க்குமாறு வென்றவர்களை அழைத்த குரல் அது. முழுமையற்ற குரல்தான், எனினும், பேரரசின் நடுவீட்டிலிருந்து, விழாக்கோலத்தின் நடுவே எழுந்த குரல்.

ஒரு நூலை நாடகமாக்குவோரும் படமாக்குவோரும் இசையாக்குவோரும், நம்மிடையே பிறமொழிக் கதையைத் தமிழாக்குவோரும், ஊரை மாற்றலாம், பெயரை மாற்றலாம், காலத்தையும் மாற்றலாம். மூலநூல் யாரை நோக்கி, என்ன கேட்டது என்பதை மட்டும் கண்டறிந்து காப்பாற்றுதல் வேண்டும்.

நூல் வெளியாகி நூறாண்டு நிறைந்த 1998-இல், வோக்கிங் நகரின் நடுவே ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரத்தில் முக்கால் இயந்திரத்தின் சிலையொன்று நிறுவப்பட்டது. தம் நகரைக் கற்பனையில் எரித்த எழுத்தாளரை அந்நகரத்தார் இவ்வாறு சிறப்பித்துள்ளனர். அதன் காலடியில் மக்கள் இன்றும் கடைவீதிக்குச் சென்றுவருகின்றனர். அவர்களுள் எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கும்போது டாஸ்மேனியாவை நினைக்கின்றனரோ!